மனம் மலரச் செய்த மருத்துவர்: மாண்டிசோரி அம்மையார்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

மாண்டிசோரி என்ற சொல்லை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். திருவாரூர், மயிலாடுதுறை, கும்பகோணம் என்று எந்த ஊருக்குப் பேருந்தில் போனாலும் ஏதாவது ஒரு பள்ளியின் பெயர்ப் பலகையில் அச்சொல் கண்ணில் படும். உடனே நல்ல கட்டடமும், வேன் வசதியும், கட்டணமும் நினைவுக்கு வரும். அது வசதி உள்ளவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரிய சொல் என்றே எங்கள் ஊரில் பேசிக்கொள்வார்கள்.

ஆனால் அந்தப் பெயருக்கு உரிய அம்மையார் முதன்முதலில் கல்வி தந்தது செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கு அன்று. மூளை வளர்ச்சி இல்லை, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்டு, மனநோயாளர் விடுதிகளில் பெரியவர்களோடு அடைத்து வைக்கப்பட்டிருந்த குழந்தைகளுக்கே அவர் முதலில் பணி செய்தார். அந்த அம்மையார் தம் முதுமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளை நம் நாட்டில், அதிலும் பெரும்பகுதியை நம் தமிழகத்தில் கழித்தார் என்பதையும் நம்மில் பலர் அறியோம். அவருடைய வாழ்க்கையை நம் கல்லூரி மாணவ மாணவியர் அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பிறப்பும் படிப்பும்

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அலெசான்ட்ரோ அரசு அலுவலர். தாயார் ரெனில்டே படிப்பில் நாட்டம் மிக்கவர். மரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அக்காலத்தில் இத்தாலியில் பெண்கள் படித்தால் ஆசிரியை ஆகலாம். அதற்கு மேல் வழி இல்லை. மரியாவோ கணிதத்தில் விருப்பம் கொண்டு, பொறியியல் படிக்கும் எண்ணத்துடன் ஆண்கள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மனம் மருத்துவத்தின்பால் சென்றது. தந்தைக்கு இதில் உடன்பாடு இல்லை. தாயார்தாம் மகளுக்குத் துணை நின்றார். முதலில் இயற்கை அறிவியல் படித்துத் தேறி, அதன்பின் ரோம் பல்கலைக் கழகத்தில் மருத்துவ வகுப்பில் இடம் பெற்றார்.

இடம் கிடைத்ததும் துன்பம் தீர்ந்துவிடவில்லை. ஆண்களோடு ஒன்றாக நின்று பெண் ஒருத்தி பிணத்தை அறுத்துப் பார்ப்பது தகாது என்று கருதியதால், எல்லோரும் போன பிறகு அவர் தனியாகவே அந்த அறைக்குள் சென்று பயில வேண்டியிருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெரியாத இடத்தில் தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்த இரவு நேரத்து அறையை எண்ணிப் பார்த்தபோது அம்மையார்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று.

1896ஆம் ஆண்டு அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் இவரே என்று பல நூல்கள் கூறும். உண்மையில் இவருக்கு முன்னும் ஒரு சில பெண்கள் அங்கு பட்டம் பெற்றிருந்தனர். ஆயினும் அந்தச் சிலருள் ஒருவராக இருப்பதே அந்நாளில் அரிய செயல்தான். அதே ஆண்டு பெர்லின் நகரில் நடைபெற்ற மகளிர் மாநாட்டில் இத்தாலியின் சார்பில் கலந்துகொண்டு, பெண் தொழிலாளர்களுக்கும் சம ஊதியம் வேண்டும் என்று பேசினார்.

ஏழை நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றால் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்புபவர் அல்லர் அவர். அடுப்பு மூட்டுவது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, நோயாளிக்கு உணவு சமைத்துத் தருவது ஆகிய செவிலிப் பணிகளையும் தாமே செய்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பிற்காலத்தில் அவர் குழந்தைகளிடம் காட்டிய பொறுமைக்கு இதுவே தொடக்கம் எனலாம்.

விடுதியில் கண்ட காட்சி

பட்டம் பெற்றபின் ரோம் பல்கலைக் கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் உதவி மருத்துவராகப் பணியாற்றினார். அங்குச் சிகிச்சைக்கு உரியோரைத் தேர்ந்தெடுப்பதற்காக நகரத்தின் மனநோயாளர் விடுதிகளுக்குச் செல்வது அவர் கடமை. அங்கேதான் அந்தக் குழந்தைகளைக் கண்டார். பேச்சு வராதவர்கள், வயதுக்கேற்ற அறிவு வளராதவர்கள், காரணமின்றிக் கத்துபவர்கள், ஓரிடத்தில் அமராதவர்கள் என எல்லோரும் ஒரே அறையில் அடைக்கப்பட்டிருந்தனர்.

அவ்விடுதிகள் ஒன்றில் நடந்ததாக ஒரு செய்தி கூறப்படுகிறது. சாப்பாடு முடிந்தவுடன் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைத் தேடினர். அவர்களைப் பார்த்துக்கொண்ட பெண் அதை அருவருப்போடு காட்டி, தின்ற பிறகும் தீராத பேராசை என்று கருதினாள். மாண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறும் சுவர், வெறும் தரை. கையில் எடுத்துப் பார்க்க, உருட்ட, அடுக்க ஒரு பொருளும் இல்லை. குழந்தைகள் அத்துணுக்குகளை எடுத்து விரல்களால் உருட்டி விளையாடினர். அவர்களுடைய பசி வயிற்றுப் பசி அன்று, கைகளின் பசி என்று அவர் உணர்ந்தார்.

அப்பெண்ணும் அதே அறையைத்தான் நாள்தோறும் கண்டாள். மருத்துவரோ அந்தக் குழந்தை ஏன் அப்படிச் செய்கிறது என்று கேட்டார். மனநலம் குன்றிய குழந்தைகளைப் பேணும் செவிலியர்க்கு இன்றும் முதற்பாடம் இதுவே. குழந்தை கத்தினாலும், பொருளை எறிந்தாலும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டும்.

அவர் நூலகத்திற்குச் சென்று பழைய நூல்களைத் தேடினார். பிரான்சு நாட்டில் காட்டில் அலைந்து திரிந்து 1800ஆம் ஆண்டு பிடிபட்ட ஒரு சிறுவனுக்கு இட்டார் என்னும் மருத்துவர் பொறுமையோடு பயிற்சி அளித்திருந்தார். அவர் வழியில் வந்த செகின் என்பவர், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென்றே பள்ளி நடத்திப் பல கருவிகளைச் செய்திருந்தார். இருவர் நூல்களையும் மாண்டிசோரி இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே எழுதிப் படித்தார்.

1898ஆம் ஆண்டு டூரின் நகரில் கூடிய கல்வி மாநாட்டில் தம் கருத்தை அவர் வெளியிட்டார். இக்குழந்தைகளின் குறை மருந்தால் மட்டும் தீர்வதன்று, பெரும்பாலும் கல்வியால் தீர்க்க வேண்டியது என்பதே அதன் சாரம். 1900ஆம் ஆண்டு இத்தகைய குழந்தைகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி ஒன்று ரோமில் தொடங்கப்பட்டது. மாண்டிசோரியும் மருத்துவர் மான்டெசானோவும் அதன் இயக்குநர்கள் ஆயினர். காலை முதல் மாலைவரை அவர் குழந்தைகளோடே இருந்தார். இரவில் அன்று கண்டவற்றை எழுதி வைத்தார். மரத்துண்டு, உருளை, மணி, பொத்தான் தைத்த துணி, தொட்டுத் தடவ மர எழுத்துகள் ஆகியவையே அவருடைய மருந்துகள். இவ்வாறு பயின்ற குழந்தைகளுள் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்விலும் தேறினர்.

எல்லோரும் வியந்து பாராட்டியபோது அவர் மட்டும் வேறொன்றை எண்ணினார். இக்குழந்தைகளே இவ்வளவு முன்னேற முடியுமானால், குறையற்ற குழந்தைகள் அவர்களோடு சமமாக நிற்கும்படி நம் பள்ளிகள் என்ன செய்து வைத்திருக்கின்றன என்பதே அவ்வெண்ணம்.

எங்கள் வீட்டுப் பாடம்

இவ்விடத்தில் என் குடும்பத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். என் தங்கைக்கு இப்போது பதினொரு வயது. நான்கு வயதுவரை பேச்சு வரவில்லை. ஊரில் சிலர் கோயிலுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். சிலர் மந்திரிக்கச் சொன்னார்கள். மாண்டிசோரி என்ற பெயரைத் தாங்கிய ஒரு பள்ளிக்கு அம்மா அவளை அழைத்துச் சென்றபோது, மற்றப் பிள்ளைகளின் படிப்பு கெடும் என்று சொல்லிச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். பின்பு எங்கள் ஊர் அரசுப் பள்ளியில்தான் அவள் சேர்ந்தாள். சிறப்பு ஆசிரியை ஒருவர் வாரந்தோறும் வந்து அவளுக்குப் பயிற்சி அளிக்கிறார்.

அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். எழுத்து அறியாதவர். தை, மாசியில் சம்பா அறுவடைக்குப் பின் உளுந்தும் பயறும் வீட்டுக்கு வரும். இரண்டையும் கலந்து ஒரு முறத்தில் கொட்டி, தங்கையிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்வார். கருப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். முதலில் எல்லாவற்றையும் வாரி இறைப்பாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் பொறுக்கி மறுபடி முறத்தில் போடுவார். ஓராண்டு ஆயிற்று. இப்போது அவள் கல், மண் எல்லாம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி விடுகிறாள். அதே விரல்களால்தான் சட்டைக்குப் பொத்தான் போடவும், பென்சில் பிடிக்கவும் கற்றாள். இட்டாரும் செகினும் யாரென்று அறியாத என் தாயார், அவர்கள் கண்ட வழியைத் தாமே கண்டு நடந்திருக்கிறார். மாண்டிசோரியின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை.

குழந்தைகள் இல்லம்

1907ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6ஆம் நாள் ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் வாழும் சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் என்னும் பள்ளி மாண்டிசோரியின் பொறுப்பில் திறக்கப்பட்டது. தாய் தந்தையர் வேலைக்குச் சென்றபின் தெருவிலும் மாடிப்படியிலும் திரிந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளே அதன் மாணவர்கள். விடுதிக் குழந்தைகளுக்குப் பயன்பட்ட அதே கருவிகளை இங்கேயும் கொடுத்தார். குழந்தைகளின் உயரத்திற்கேற்ற சிறு மேசைகள் செய்யப்பட்டன. தாமாகவே முகம் கழுவவும், பாத்திரம் எடுத்து வைக்கவும், பரிமாறவும் பழக்கினார். அடியும் இல்லை; பரிசும் இல்லை. சில திங்களில் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் தாமாகவே எழுதத் தொடங்கினர். உலகமே திரும்பிப் பார்த்தது.

கணித மாணவி என்ற முறையில் ஒரு கருவியைப் பற்றிக் கூறாமல் இருக்க முடியவில்லை. ஒரு சிறு பெட்டியில் வண்ணம் பூசிய எட்டு மரக்கட்டைகள் இருக்கும். குழந்தை அவற்றைச் சேர்த்து ஒரு முழுக் கனசதுரமாக அடுக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் அந்த எட்டுக் கட்டைகளுள் ஒன்று பெரிய கனசதுரம், ஒன்று சிறிய கனசதுரம், மற்றவை மூன்று மூன்றாக இரண்டு வகைச் செவ்வகக் கட்டைகள். நாம் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு எண்களின் கூட்டலுக்கு மும்மடி காணும் சூத்திரமாக மனப்பாடம் செய்தோமே, அதுவேதான் அது! நாம் பலகையில் கண்டதை அக்குழந்தை நான்கு வயதில் கையால் கண்டுவிடுகிறது.

கடல் கொண்ட குழந்தைகள்

1908ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இத்தாலியின் தென்கோடியில் மெசினா நகரில் கொடிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. பல்லாயிரவர் மாண்டனர். பெற்றோரை இழந்து, பெயர்கூடச் சொல்லத் தெரியாமல் மீட்கப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ அறுபது பேர் ரோம் நகரில் கன்னியர் மடம் ஒன்றில் சேர்க்கப்பட்டனர். அங்கே மாண்டிசோரி முறையில் இல்லம் ஒன்று அமைக்கப்பட்டது.

அக்குழந்தைகள் பேசவில்லை, சரியாக உண்ணவில்லை. இரவில் அலறி எழுந்தனர். கன்னியர் அவர்களுக்கு நல்ல உணவும் உடையும் தந்ததோடு, நாளும் ஓர் ஒழுங்கான வேலையும் தந்தனர். மேசை விரிப்பது, பூச்செடிக்கு நீர் ஊற்றுவது, தட்டுகளை அடுக்குவது போன்ற சிறு வேலைகளே. மெல்ல மெல்ல உறக்கம் வந்தது, பசி வந்தது, சிரிப்பும் வந்தது.

நம் பகுதியினர் இதைப் படிக்கும்போது 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை நினையாமல் இருக்க முடியாது. ஆழிப்பேரலையால் தமிழகத்திலேயே மிகுதியாகப் பாதிக்கப்பட்டது நம் பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டம். அங்கு மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நான் பிறப்பதற்கு முன் நடந்ததாயினும், அலைக்குத் தப்பிய பிள்ளைகள் பல நாள் கடலைப் பார்க்கவே அஞ்சினர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உடலில் காயம் இல்லாத குழந்தைக்கும் காயம் உண்டு என்பதை மெசினாவும் நாகையும் நமக்கு உணர்த்துகின்றன.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டு, போரினால் மனம் நொந்த குழந்தைகளுக்காக வெள்ளைச் சிலுவை என்னும் அமைப்பு வேண்டும் என்று மாண்டிசோரி திட்டம் வகுத்தார். காயம்பட்ட வீரர்களுக்குச் செஞ்சிலுவை இருப்பதுபோல் குழந்தைகளின் மனக்காயத்திற்கு இது. இதில் சேரும் பணியாளர்களுக்கு முதலுதவி, நரம்பு நோய்கள், குழந்தைகளின் உணவு முறை, மனநூல் எல்லாம் கற்பிக்க வேண்டும் என்று விரும்பினார். அந்த அமைப்பு உருவாகவில்லை. ஆயினும் குழந்தைகளின் மனநலத்திற்கெனத் தனிப்பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும் என்ற எண்ணத்தை அன்றே அவர் கொண்டிருந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தாயின் துயரம்

உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தாயாக விளங்கிய அம்மையார் தம் சொந்த மகனை மடியில் வைத்து வளர்க்க இயலவில்லை. மான்டெசானோவுக்கும் அவருக்கும் 1898ஆம் ஆண்டு மரியோ என்னும் மகன் பிறந்தான். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. அக்காலச் சமுதாயம் இதை ஏற்காது. அவர் பணியும் பறிபோகும். குழந்தை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தில் வளர்ந்தது. மகன் பதின்வயதில் தாயிடம் வந்து சேர்ந்தான். அதன்பின்னும் பல ஆண்டுகள் உறவினன் என்றே உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்டான்.

இத்தாலியில் முசோலினி ஆட்சிக்கு வந்தபின் மாண்டிசோரி பள்ளிகளுக்கு முதலில் அரசின் ஆதரவு கிடைத்தது. அம்மையாரும் அதை ஏற்றுக்கொண்டார். இது அவருடைய வாழ்வில் குறைகூறப்படும் பகுதி. ஆனால் குழந்தைகளைப் போர்வீரர்களாக்க முயன்ற அந்த ஆட்சியோடு அவர் கொள்கை நெடுநாள் ஒத்துப்போக இயலவில்லை. 1934ஆம் ஆண்டு இத்தாலியை விட்டு வெளியேறினார். ஸ்பெயினில் தங்கியிருந்தபோது 1936ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்தும் வெளியேறி ஆலந்து நாட்டில் குடியேறினார்.

அடையாற்றில் அம்மையார்

அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவருடைய துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று 1939ஆம் ஆண்டின் இறுதியில் மாண்டிசோரி மரியோவுடன் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூறுக்கும் மேற்பட்டோர் முதல் பயிற்சி வகுப்பில் சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார்.

1940ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இத்தாலி போரில் இறங்கியது. உடனே இத்தாலியர் அனைவரும் ஆங்கில அரசுக்குப் பகைவர் ஆயினர். மரியோ சிறை முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அம்மையார் அடையாற்றுத் தோட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று ஆணை பிறந்தது. முதுமையில், அயல்நாட்டில், மகனைப் பிரிந்து அவர் தனித்திருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 31, அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அன்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவர் மகன் விடுவிக்கப்படுகிறார் என்பதே செய்தி. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உலகுக்கு வெளிப்படையாகச் சொல்ல இயலாதிருந்த அந்த உறவை ஓர் அரசுத் தந்தி மகன் என்றே குறிப்பிட்டுவிட்டது!

1942ஆம் ஆண்டு சென்னையில் குண்டுவீச்சு அச்சம் பரவியபோது இருவரும் கொடைக்கானல் சென்றனர். அங்கு ஈராண்டுகள் பல வயதுக் குழந்தைகளை ஒரே பள்ளியில் வைத்து, செடி கொடிகளையும் பூச்சிகளையும் பார்த்துப் பயிலச் செய்தனர். பின்னர் அகமதாபாது, இலங்கை ஆகிய இடங்களிலும் வகுப்புகள் நடந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றனர். பிறந்த குழந்தை மூன்று வயதுக்குள் சூழலை எவ்வாறு உள்வாங்கிக்கொள்கிறது என்பதை விளக்கும் அவருடைய புகழ்பெற்ற நூல் 1949ஆம் ஆண்டு அடையாற்றிலிருந்தே முதன்முதலில் வெளிவந்தது.

1949இல் அவர் ஐரோப்பா திரும்பினார். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, ஆனால் கிடைக்கவில்லை. 1952ஆம் ஆண்டு மே திங்கள் 6ஆம் நாள் ஆலந்து நாட்டில் நூர்த்வைக் என்னும் கடற்கரை ஊரில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரை விரட்டிய இத்தாலி 1990ஆம் ஆண்டு தன் ஆயிரம் லிரா பணத்தாளில் அவர் உருவத்தை அச்சிட்டுக் கழுவாய் தேடிக்கொண்டது.

நாம் செய்ய வேண்டுவன

அம்மையாரின் கருத்துகள் அனைத்தும் இன்று அப்படியே ஏற்கப்படுவதில்லை. எல்லாக் குழந்தைகளும் தேர்வில் தேறிவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது தவறு. சிலருக்கு மருந்தும் வேண்டும். பேச்சுப் பயிற்சியும் வேண்டும். தானே உண்ண, தானே உடுத்த, தன் தேவையைச் சொல்லக் கற்றாலே அது பெரிய வெற்றி. செவிலியர் பணியின் நோக்கமும் அக்குழந்தைக்காக எல்லாவற்றையும் தாம் செய்துவிடுவது அன்று; அது தானே செய்ய உதவுவதே.

நன்னிலத்தைச் சுற்றியுள்ள நாம் நெல்லின் வயதை அறிந்தவர்கள். ஆடுதுறை 36 நூற்றுப்பத்து நாளில் அறுவடைக்கு வரும். சி.ஆர். 1009 நூற்றைம்பத்தைந்து நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். குறுவை நெல் கதிர் விட்டுவிட்டதே என்று யாரும் சி.ஆர். 1009 வயலில் இறங்கி அதைப் பிடுங்கி எறிவதில்லை. பயிருக்குக் காட்டும் இந்தப் பொறுமையைப் பிள்ளைக்கும் காட்டக் கூடாதா?

இன்று வழிகள் திறந்துள்ளன. 2013ஆம் ஆண்டு முதல் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து வளர்ச்சிக் குறைகளையும் பரிசோதிக்கின்றனர். 2016ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட அளவு குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு 6 வயது முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி பெறும் உரிமையை வழங்கியுள்ளது. ஆனால் குழந்தைக்குப் பேச்சு வரவில்லையே என்று கவலைப்படும் தாயிடம், மந்திரிக்கப் போகாதே அம்மா, முதலில் அங்கன்வாடியில் சொல், அரசு மருத்துவமனைக்குப் போ என்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் படித்தவர் என்று இருப்பவர் நாம்தாம். பட்டம் பெற்று வெளியே போவதற்கு முன்பே இப்பணியை நாம் தொடங்கலாம்.

மாண்டிசோரி என்ற பெயர் பலகைகளில் வாழ்வது அவருக்குப் பெருமை சேர்க்காது. யாருக்காக அவர் முதன்முதலில் அந்த மரக்கட்டைகளைச் செய்தாரோ, அந்தக் குழந்தைகளுக்கு நம் பள்ளிகளின் கதவு திறக்கும் நாளே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி நாளாகும்.